ஒற்றைக் கோடு

உடையத்தான் போகிறது. வெட்டும் கட்டரை வைத்ததுமே கண்ணாடி விரியும், விரிசல் நடுவில் ஓடும், சலூன்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார், அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது. அதோடு சரி, இந்த மேசைப் பக்கம் இனி என்றைக்கும் வர முடியாது.

பாப்பாவின் மனத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்தபோது, கண்ணாடி இன்னும் மேசைக்கே வரவில்லை. கடை வாசலில், பழைய போர்வைக்குள், சலூன்காரரின் அணைப்பில் பத்திரமாக இருந்தது.

பாப்பா என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். காதோரம் நரைத்த பிறகும் அது உதிரவில்லை. கண்ணாடிக் கடை அவளுக்கும் அண்ணனுக்கும் பொது. அளவெடுப்பதும் சட்டம் அடிப்பதும் அவன், வெட்டுவது அவள். போன மாதம் வரை அப்படித்தான் இருந்தது. போன மாதம் ஒரு மேசைக் கண்ணாடி அவள் கையில் கோணலாக இரண்டாய்ப் போனது. "கண்ணாடின்னா உடையத்தான் செய்யும், விடு" என்று சொன்ன அண்ணன், மறுநாளிலிருந்து வெட்டுவதையும் தானே பார்த்துக்கொண்டான். அன்பாகத்தான் செய்தான். ஆனால் ஒவ்வொரு கண்ணாடியையும் அவள் கையிலிருந்து அவன் வாங்கிக்கொண்டபோதெல்லாம், அவளுடைய பயம் இன்னும் கொஞ்சம் சவுகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

இப்போது அவன் பைக்கிலிருந்து விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு நிற்கிறான். "வெட்டுறதுக்கு ஒரு ஆளைப் போட்டுடலாம் பாப்பா. நீ நிம்மதியா கல்லாவைப் பாரு" என்று காலையில்தான் சொல்லியிருந்தான். ஆள் சாயங்காலம் பேச வருகிறான். நிம்மதி என்ற அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. இன்று வெட்டாவிட்டால் அந்த இடம் அவளுடையது இல்லை.

சலூன்காரர் போர்வையை விலக்கினார். ஆளுயரக் கண்ணாடி, கீழ்மூலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல்.

"நாற்காலி இடிச்சிடுச்சும்மா. இந்த விரிசல் மேல ஏறுறதுக்குள்ள கீழ்ப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துடுங்க."

"புதுசு வாங்கி மாட்டிக்கலாமே?" என்றான் அண்ணன்.

"ஏன் தம்பி, புதுக் கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டும். என் பொழப்பு என்ன ஆகுறது? இது முன்னாடி யாரு உக்காந்தாலும் ஒரு சுத்து கூடுதல் லட்சணமா தெரிவாங்க. பாதி நான் வெட்டுறேன், மீதிய இது பாத்துக்குது."

"நீங்க பாத்துக்கிட்டதுண்டா?"

"தினமும் காலையில. இல்லேன்னா கடையைத் திறக்க மனசு வருமா?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "சரி, வெச்சிட்டுப் போங்க. சாயங்காலம் ஒரு ஆள் வரான், அவன்கிட்ட..."

"நானே வெட்டுறேன்" என்றாள் பாப்பா.

அண்ணன் அவளைப் பார்த்தான். நல்ல கையால் மேசைக் கம்பளத்தை நீவிவிட்டான்.

கண்ணாடியைப் படுக்க வைத்துத் துடைத்தாள். உள்ளே 'உடையத்தான் போகிறது' என்ற அந்தக் குரல் விட்டபாடில்லை. 'உடையாது, உடையாது' என்று இத்தனை நாளும் அதோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். நிற்க நிற்க அதற்குத்தான் தொண்டை பெருத்தது. இன்று அவள் சண்டைக்குப் போகவில்லை. வாடிக்கையாளரிடம் அளவு கேட்பதுபோலக் கேட்டாள்: உடையும்னு உனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் உடைந்ததே.

ஏன் உடைந்தது?

இதுவரை அந்த நினைவு 'டப்' என்ற சத்தம் வரை வரும், அவள் கதவைச் சாத்திவிடுவாள். இப்போது திறந்து வைத்துப் பார்த்தாள். அன்று முதலில் போட்ட கோடு நன்றாகத்தான் விழுந்தது. பிறகு, பதியவில்லையோ என்று ஒரு சந்தேகம். அதே கோட்டின்மேல் இன்னொரு முறை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் கோட்டின் விளிம்பு பொடியும், எந்தப் பக்கம் பிளப்பது என்று கண்ணாடிக்கே தெரியாமல் போகும். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்பதே அதுதான். தெரிந்தும் செய்தாள்.

ஆக, கை தப்பவில்லை. பயம் நடக்கப்போவதை முன்கூட்டியே சொன்னதாக இத்தனை நாள் நம்பியிருந்தாள். அது ஜோசியம் சொல்லவில்லை, கண்ணாடியை உடைத்ததே அதுதான்.

அந்தக் குரல் நின்றுவிடவில்லை. நிற்கட்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. கூப்பிடாமல் வந்த விருந்தாளி, இருந்துவிட்டுப் போகட்டும். கட்டரை மட்டும் அதன் கையில் கொடுப்பதாக இல்லை.

விரிசலுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி இரும்பு அளவுகோலை வைத்தாள். கட்டர் முனையை மண்ணெண்ணெயில் தோய்த்தாள். எதிர் ஓரத்திலிருந்து தன்னை நோக்கி இழுத்தாள். புதுத்துணியைக் கிழிப்பது போன்ற சன்னமான சத்தம், ஒரே சீராக வந்து இந்த ஓரத்தில் முடிந்தது. அப்போதுதான் மூச்சை விட்டாள்.

சலூன்காரர் எட்டிப் பார்த்தார். "கோடே தெரியலையேம்மா? எதுக்கும் இன்னொரு தடவை இழுத்துடுங்களேன். நான் கிருதாவை எடுத்தாக்கூட ரெண்டு தடவை பாப்பேன்."

"கிருதா திரும்ப முளைக்கும்" என்றாள் பாப்பா.

அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து ஓரத்தைப் பார்த்தான். "அவர் சொல்றதும் சரிதான் பாப்பா. கடைசியில சத்தம் லேசா விட்ட மாதிரி இருந்துச்சு. அந்த ஓரத்துல மட்டும் ஒரு தடவை, பட்டும் படாம. மனசுக்கு ஒரு திருப்தி."

தொழிலை அவனும் அறியாதவன் இல்லை. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பதற்றம்தான், இப்போது அவன் முகத்தில் வந்து நின்றது. பாவம் என்றுதான் தோன்றியது.

வெளிச்சத்துக்குத் தோதாகச் சாய்ந்து கோட்டைப் பார்த்தாள். மயிரிழைபோல, ஓரம்வரை அறுபடாமல் ஓடியிருந்தது. பார்த்தது போதும் என்று நிமிர்ந்தாள். கட்டரைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்து மூடினாள். அழுத்திப் பிளப்பதற்காக, கோடு மேசை விளிம்புக்கு நேராக வரும்வரை கண்ணாடியை மெல்ல நகர்த்தினாள்.

"வேண்டாம்ணா" என்றாள்.