பொதுக் கிணற்றுக் கல்

கல்லை உடைக்க வந்தவர்களிடம் சுத்தியல் இல்லை. எங்கள் வீட்டில்தான் வந்து கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். உடைபடப்போவது என் அப்பாவின் பெயர். 'பொதுக் கிணறு. உபயம்: க. இராசநாயகம்' என்று, புத்தூர் போகிற வீதியோரம் எங்கள் காணி மூலையில் கிணற்றுக் கட்டுக்கு வெளியே நிற்கிறது அந்தக் கல். சனசமூக நிலையச் செயலாளர் துஷாந்தினி போன கிழமை அதைப் படமெடுத்து முகநூலில் போட்டு, ஒரு சாதி மட்டும் அள்ளிய கிணறு எப்படிப் பொதுவாகும் என்று கேட்டிருந்தாள். அன்றிலிருந்து கனடா, நோர்வே என்று உலகமெல்லாம் செத்துப்போன மனிதரைத் திட்டித் தீர்த்தது. உடையுங்கள் என்றார்கள். நானும் ஓம் என்றேன். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கல் போனால் கதையும் போய்விடும், நிம்மதியாகச் சமைக்கப் போகலாம் என்றுதான் இருந்தது.

சுத்தியலை ஓங்குகிற நேரம் பார்த்துச் சிவரூபன் அண்ணை வந்து சைக்கிளை நிறுத்தினார். அந்தக் காலத்தில் கிணற்றுக் கட்டில் ஏறவிடாத குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

"உடைக்காதேங்கோ."

எனக்குப் பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. "உங்களுக்குப் பெரிய மனசு அண்ணை."

"மனசுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. என்ரை அம்மா உந்தக் கல்லடியிலைதான் குடத்தோடை நிண்டவ. ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் நிப்பா. கல்லையும் உடைச்சுப்போட்டால் அவ நிண்ட இடத்தை நான் எங்கை காட்டுறது? உங்கடை அப்பாவின்ரை பேர் இருக்கட்டும். அதுக்குக் கீழை, அம்மா இதிலை காத்து நிண்டதையும் வெட்டுங்கோ. காணி உங்கடை, தங்கச்சி. நீங்கள்தான் சொல்லவேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா அந்த அம்மாவை ஒருநாளும் ஏசியதில்லை. "பாவம், ஊத்திவிடு பிள்ளை" என்றுதான் சொல்லுவார். அதை இரக்கம் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். உடைப்பதற்குச் சுலபமாக வந்த ஓம் இப்போது வாய்க்குள்ளேயே கிடந்தது.

"அம்மாவின்ரை பேர் என்ன அண்ணை?"

"அன்னம்."

எத்தனையோ வாளி ஊற்றியிருக்கிறேன். பெயரை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"எந்த இடத்திலை நிண்டவ?" என்றாள் துஷாந்தினி.

சிவரூபன் அண்ணை கல்லருகே போனார். இடுப்பில் குடம் இருப்பதுபோல் கையை வளைத்து, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நின்று காட்டினார். பிறகு என் பதிலுக்காக அப்படியே நின்றார். அப்போதுதான் கவனித்தேன், நான் கிணற்றுக் கட்டின்மேல் நின்றுகொண்டிருந்தேன்.