கொழுந்தனுக்கு ஏறிய மருந்து

மரக்கடையில் பலகை அடுக்கும்போது விரியன் கடித்துவிட்டது என்று நாலு பேர் தூக்கிவந்த ஆளைப் பார்த்ததும் நர்ஸின் முகம் இறுகியது. அவளுடைய கொழுந்தன். அவள் புருஷன் இறந்துபோன மறுமாதமே அவள் பெட்டியைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்தியவன்.

அவனும் பார்த்துவிட்டான். "வேற நர்ஸே இல்லையா? இவ என்னைத் தொடக் கூடாது!"

"தொடணும்னு எனக்கும் ஆசை இல்ல. காலை ஆட்டாம படுங்க."

பாதம் வீங்கிப் பளபளத்தது. கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் பிடித்து அசையாமல் வைத்தாள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. உறையவே இல்லை; விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. டாக்டர் விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னார்.

அதற்குள் ஓரகத்தி வந்துவிட்டாள். "என் புருஷனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

மருந்து பாதிகூட இறங்கவில்லை. அவன் உடம்பைச் சொறிய ஆரம்பித்தான். நெஞ்செல்லாம் தடிப்பு, மூச்சில் விசில் சத்தம்.

"பழி தீர்த்துட்டா பாவி!" ஓரகத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

நாசமாய்ப் போகட்டும் என்று இவனை நர்ஸ் எத்தனை முறை சபித்திருப்பாள்! அந்த மூச்சிழுப்பைக் கேட்டதும் எல்லாம் எங்கோ போய்விட்டது. கையை உதறிக்கொண்டு மருந்தை நிறுத்தினாள். டாக்டருக்குக் குரல் கொடுத்தபடியே அட்ரினலின் ஊசியைத் தொடையில் ஏற்றினாள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. டாக்டர் அதே மருந்தை மறுபடியும், மெதுவாக, ஏற்றச் சொன்னார்.

"திரும்பவும் அதையேவா?" அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அதேதான். உடம்புக்கு ஒத்துக்கல, அதுக்கு ஊசி போட்டாச்சு. பாம்பு விஷத்துக்கு வேற மருந்து கிடையாது."

மறுநாள் குழாயில் பிடித்த ரத்தம் சரியாக உறைந்தது. அவன் பிழைத்துக்கொள்வான் என்று சொன்ன டாக்டரிடம் ஓரகத்தி கேட்ட முதல் விஷயம், "அவளை வேற வார்டுக்கு மாத்துங்க."

"அவங்க இல்லன்னா இவர் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நர்ஸ் அந்தப் பக்கமே போய் நின்றாள்.

"என் வீட்டுக்காரர் போட்டோ, சட்டையெல்லாம் அங்கதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வருவேன். கதவைச் சாத்தினா போலீஸோட வருவேன்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "வந்து எடுத்துத் தொலை."

அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.