வண்டி குந்தக் கூடாது

அந்த ஜூலை மாதக் காலையில் எங்கள் வீட்டு முன்வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆர்வில் ஹால்வர்சனாகிய நான். என் மகன் கர்ட். அவன் மனைவி மார்லா. அவர்களுடைய ஒன்பது வயது மகள் பிரிட்டா. காப்பிக் குவளையும் கையுமாக எதிர்வீட்டு வெர்ன். இந்த ஐவரைத் தவிர வேறு யாராவது தாங்களும் அங்கே நின்றதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மான்டனாவின் அந்தக் கோதுமைச் சமவெளியில் எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக இருக்கிறது. பாரம் இழுப்பதில் ஹால்வர்சன்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது ஊரறிந்த பேச்சு. ஊரார் சொன்னார்களோ இல்லையோ, நான் சொல்லிவந்தேன்.

ஆண்டுக்கொரு முறை எங்கள் சொந்தம் முழுவதும் ஏரிக்கரையில் கூடும். அந்த முறை புதிதாக வாங்கிய டிரெய்லருடன் போவதாக ஏற்பாடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே கொண்ட இருபத்து நாலடி வீடு அது. அதை இழுக்கவேண்டிய பிக்கப் வண்டியைக் கர்ட் மெல்லப் பின்னுக்கு எடுத்தான். டிரெய்லரின் மூக்கை நான் பிக்கப்பின் பின்னால் இருந்த கொக்கிக் குண்டின்மேல் இறக்கினேன். பிக்கப்பின் பின்பக்கம் அரை அடி தாழ்ந்தது. முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன.

வெர்ன் வாய்விட்டுச் சிரித்தான். "என்னய்யா ஆர்வில், உன் வண்டி குந்திக்கிச்சு? வயித்துல ஏதும் கோளாறா?"

எங்கள் ஊரில் அது சின்னக் கேலி அல்ல. கூட்டுறவுக் கடை வாசலில் காலைக் காப்பி குடிக்கும் ஆண்கள், போகிற வண்டியைப் பார்த்தே ஆளை அளந்துவிடுவார்கள். பின்பக்கம் குந்திய வண்டிக்காரன் தகுதிக்கு மீறி இழுக்கிறான் என்று பொருள்.

மார்லா ஓட்டுநர் கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். தானியக் கிடங்கின் எடை மேடையில் வேலை பார்ப்பவள் அவள். அறுவடைக் காலம் முழுவதும் கோதுமை லாரிகளை நிறுப்பதுதான் அவள் பிழைப்பு.

"மாமா, இதைப் பாருங்க. ஆளும் சாமானும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு பவுண்டுதான் இந்த வண்டி தாங்கும். நாம நாலு பேரே அறுநூறு. டிரெய்லர் மூக்கு அழுத்துறது எண்ணூறாவது இருக்கும். பின்தட்டுல ஜெனரேட்டரு, விறகு வேற."

"வக்கீலுக்குப் பயந்து ஒட்டுன சீட்டு அது. விடு."

"அப்போ எடை மேடையில ஏத்திப் பார்த்துருவோம். அஞ்சு நிமிஷ வேலை, சாவி என்கிட்டதான் இருக்கு."

எடை மேடை கூட்டுறவுக் கடைக்கு நேர் எதிரே இருந்தது.

"ஊர் முன்னாடி ஹால்வர்சன் வண்டியத் தராசுல நிறுத்தணுமா? பன்னிக்குட்டியா விக்கப்போறோம்?"

வெர்ன் மறுபடியும் சிரித்தான். மார்லா சிரிக்கவில்லை. "சரி, கொட்டகையில பிரிக்காம கிடக்குற அந்த ரெண்டு கம்பியையாவது மாட்டுங்க மாமா. பாரத்தைக் கொஞ்சம் முன்சக்கரத்துக்குத் தள்ளிக் கொடுக்கும். விறகையும் ஜெனரேட்டரையும் விட்டுட்டுப் போவோம்."

"ஊன்றுகோல் வெச்சு நடக்குற வண்டி நமக்கு வேணாம்."

"அப்பா, அவ சொல்றதுல..." என்று கர்ட் வாயெடுத்தான்.

"நீ எந்தப் பக்கம்?"

"பக்கமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா." அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு நானே வேலையில் இறங்கினேன். ஜெனரேட்டரையும் விறகையும் பிக்கப்பிலிருந்து இறக்கி, டிரெய்லரின் வால்பக்கத் தாங்கியில் கட்டினேன். தகர உணவுப் பெட்டிகளைக் கடைசிப் படுக்கையின் அடியில் தள்ளினேன். பின்புறத் தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். ஏற்ற இறக்கப் பலகையின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வது போல, பிக்கப்பின் பின்பக்கம் விரல்விரலாக எழுந்து சமமாக நின்றது.

வெர்ன் சீட்டியடித்தான். "இப்பத்தான்யா ஆம்பள வண்டி!"

"வண்டி நிமிரல மாமா," என்றாள் மார்லா. "கொக்கி மேல இருந்த பாரத்தை எடுத்துட்டீங்க. மொத்த எடையில பத்துல ஒரு பங்காவது அங்க அழுத்தினாத்தான் டிரெய்லர் ஒழுங்கா பின்னாடி வரும். வால் கனத்தா ஆட ஆரம்பிச்சிரும்."

"பன்னெண்டு வயசுல வைக்கோல் வண்டி இழுத்தவன்மா நான்."

"அது வயல்ல போச்சு. இது அறுபது மைல் வேகத்துல போகும்."

பிரிட்டா அதற்குள் பின்னிருக்கையில் ஏறி இருக்கை வார் மாட்டிக்கொண்டிருந்தாள். மார்லா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நானும் அவளும் என் கார்ல பின்னாடியே வந்துர்றோம்."

"என் வண்டியில என் பேத்திக்குப் பாதுகாப்பு இல்லைன்னு ஊருக்குச் சொல்லப்போறியா?"

அந்தச் சொல்லால்தான் அவளை ஏற வைத்தேன்.

நான்தான் ஓட்டினேன், கர்ட் பக்கத்து இருக்கையில். சமவெளியில் முதல் நாற்பது மைலும் வண்டி எண்ணெய் தடவினாற்போலப் போயிற்று. கண்ணாடியில் மார்லாவின் முகத்தைப் பார்த்து, "எங்க ஆடுது?" என்று கேட்கக்கூடச் செய்தேன். அவள் ஒரு கையால் பிரிட்டாவின் வாரைப் பிடித்திருந்தாள்.

மலையிறக்கம் தொடங்கியது. வேகமுள் அறுபத்தைந்தைத் தாண்டியது. நடுச் சாலையில் கிழிந்த டயர்த் துண்டொன்று கிடந்தது. அதைத் தவிர்க்க ஸ்டியரிங்கைச் சற்றே ஒடித்துத் திருப்பினேன். வேறொன்றும் செய்யவில்லை.

டிரெய்லரின் வால் இடப்புறம் போயிற்று. திரும்பி வலப்புறம் வந்தது. அடுத்த முறை இன்னும் அகலமாகப் போயிற்று. பிக்கப்பின் முதுகை யாரோ பிடித்து உலுக்குவது போலிருந்தது. அது இடம் போனால் நான் வலம் திருப்பினேன், அது வலம் வந்தால் இடம் திருப்பினேன். ஒவ்வொரு திருப்பமும் ஆட்டத்துக்குத் தீனி போட்டது.

"திருப்பாதீங்க மாமா! நேராப் பிடிங்க!" மார்லா கத்தினாள். "பிரேக்க மிதிக்காதீங்க! கர்ட், உன் முட்டிகிட்ட இருக்கிற பிடி, டிரெய்லர் பிரேக், அதை மட்டும் அழுத்து!"

கர்ட் கையை நீட்டினான்.

"கைய எடு! வண்டி என் கையில இருக்கு!" என்றேன் நான்.

அவன் கையை எடுத்தான். நான் பிரேக்கை மிதித்தேன். எதிரே ஒரு சிறிய கார் ஏறி வந்துகொண்டிருந்தது. எங்கள் டிரெய்லரின் வால் அதன் பாதைக்குள் வீசிப் பாய, கார் சரளைக்குள் இறங்கி நூலிழையில் தப்பியது. பிரிட்டா, "அம்மா!" என்று அலறினாள். அப்போது கர்ட் என் முகத்தைப் பார்க்காமலேயே அந்தப் பிடியை அழுத்தினான். முப்பத்தாறு வயதில் அவன் என் சொல்லை மீறியது அதுதான் முதல் முறை. ஓர் ஆட்டம் முன்னதாக மீற விட்டிருந்தேனானால் எல்லாம் நேராகியிருக்கும்.

டிரெய்லர் சாய்ந்தது. கொக்கி முறுக்கிக்கொண்டு பிய்ந்தது. பிக்கப் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. டிரெய்லர் பள்ளத்தில் கிடந்தது. உயிர் யாருக்கும் போகவில்லை. வார் இறுக்கியதில் பிரிட்டாவின் காறையெலும்பு உடைந்திருந்தது.

"என்ன ஆச்சு பெரியவரே?" என்று நெடுஞ்சாலைக் காவலர் கேட்டார்.

"காத்து," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். சாலையோரப் புல் ஓர் இலைகூட அசையாமல் நின்றது. கர்ட் அதைப் பார்த்தான். மார்லா ஆம்புலன்சில் மகளுடன் இருந்தாள்.

ஊர் என்மேல் இரக்கப்பட்டது. "அந்த இறக்கத்துக் காத்து பொல்லாதது ஆர்வில்," என்று சொல்லிச் சொல்லிப் பழப் பணியாரம் கொண்டுவந்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் மார்லா என் எதிரில் அமர்ந்து சாப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் கூட்டுறவுக் கடை வாசலில் வெர்னைப் பார்த்தேன். அவனுடைய டிரெய்லரும் மலைக்குப் புறப்பட்டிருந்தது. பின்னிருக்கையில் பேரக்குழந்தைகள் இருவர். வண்டி பலகைபோலச் சமமாக நின்றது.

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதான்யா," என்றான் பெருமையாக. "எல்லாத்தையும் வாலுக்குத் தள்ளிட்டேன். காத்து மட்டும் அடிக்காம இருக்கணும்."

காப்பிக் குவளைகளோடு ஆறேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குள் கைவிட்டு அவன் சாவியை உருவிக்கொண்டேன்.

"ஏ கிழவா, பைத்தியமா உனக்கு?"

"அன்னிக்குக் காத்து இல்ல வெர்ன். நான் பொய் சொன்னேன். வண்டி குந்தக் கூடாதுன்னு பாரத்தை வாலுக்குத் தள்ளினேன். அதான் கவிழ்ந்துச்சு. என் மருமக வேணாம் வேணாம்னு சொன்னா. நான் கேக்கல. பின்சீட்டுல பிள்ளைய வெச்சுக்கிட்டு மானத்தைப் பார்த்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்ன் திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தான்.

"தராசுல ஏத்துய்யா," என்றேன். "எல்லார் முன்னாடியும் ஏத்து. நானும் கூட நிக்கிறேன்."

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன், அவன் எதிரே இருந்த எடை மேடைக்கு ஓட்டினான். மேடையின் அறையிலிருந்து மார்லா வெளியே வந்து நின்றாள். டிரெய்லரின் மூக்கை மட்டும் மேடையில் இறக்கி எடை போட்டாள். ஆறாயிரம் பவுண்டு டிரெய்லர், கொக்கிமேல் அழுத்தியது இருநூறுகூட இல்லை. சீட்டை வெர்னிடம் நீட்டியவள், அவனுக்கும் எனக்கும் சேர்த்தே சொன்னாள்:

"வண்டிய நிறுத்துப் பார்த்தா யார் குடும்பத்துக்கும் மானம் போயிடாது. பார்க்காம போய்ப் பிள்ளைய இழந்தா, அந்த மானத்தை வெச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"

அன்று மதியம்வரை நானும் கர்ட்டும் வெர்னோடு சேர்ந்து அவன் சாமான்களை மாற்றி அடுக்கினோம், எங்கள் கொட்டகையில் கிடந்த கம்பிகளை அவன் வண்டியில் மாட்டினோம். மறுநாள் காவல் நிலையத்துக்குப் போய் என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

ஹால்வர்சன் வண்டியைக் காற்று புரட்டியது என்று ஊரில் இன்னமும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அன்று காற்று வீசவில்லை. பாரத்தைப் பின்னால் ஏற்றியவன் நான்.