ஜெயித்தவர்கள் வாங்கித் தந்த வயது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் சொந்தச் சரக்கு இல்லை. கனடாவின் தண்டர் பே ஊரில், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் எங்கள் கர்லிங் அணியின் தலைவி ரெய்யா கொஸ்கெலா, வழக்கம்போல் தோற்றுவிட்டு வந்து, ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னது. “எழுதுறதுன்னா எழுதிக்கடி. பேரை மட்டும் மாத்தாத, நான் என்ன திருடியா?” என்றாள்.

இப்படித் தொடங்கினேன்: ‘ரெய்யாவின் உடல் அவளை முந்திக்கொண்டு ஓடியது. அவளோ...’

சே! ஆஸ்பத்திரிச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது. விடுங்கள்.

2

ரெய்யாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அவள் அப்பா ஓயாமல் புகைத்து, அறுபத்தொன்றில் நுரையீரல் கெட்டுச் செத்தார். ரத்தத்தை வைத்து உடம்பின் வயதைச் சொல்கிறார்கள்* என்றதும், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். படிவத்தில் எழுதியது: சிகரெட், நாளைக்குப் பன்னிரண்டு. மது, வாரத்துக்கு இரண்டு கிளாஸ்.

சில வாரத்தில் நர்ஸ் டெனீஸ் போன் செய்தாள்.

“ரெண்டு கிளாஸ்தானா மேடம்? ரத்தம் வேற சொல்லுதே.”

“நான் வாங்குனது ரெண்டுதாம்மா.”

“அப்ப மத்ததெல்லாம்?”

“அது ஜெயிச்சவங்க வாங்கிக் குடுத்தது. அதை எப்படி என் பேர்ல எழுதுறது?”

(எங்கள் ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். மறுத்தால் மரியாதை இல்லை.)

“சரி, எத்தனை தடவை தோத்தீங்க?”

“சீசன் பூராவும்,” என்றாள் ரெய்யா, குரல் இறங்கி.

உடம்பின் வயது அறுபத்துநான்கு. “எங்கப்பாவைத் தாண்டிட்டேன்டி,” என்று என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

* ஜோசியம் இல்லை, மதிப்பீடுதான். பயந்தவளுக்கு இரண்டும் ஒன்று.

3

சிகரெட்டை அன்றைக்கே விட்டாள். வாய் சும்மா இருக்காமல் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தள்ளினாள். அவள் வண்டிக்குள் கால் வைத்தால் தோல்தான் மிதிபடும். தோற்ற பிறகு இஞ்சி சோடா கேட்டாள். எதிரணிக்காரர்களுக்கு ஏக வருத்தம். “எங்க கூட குடிக்கமாட்டியா, அவ்வளவு கோவமா?” என்றார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தாள்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். முடிவு தெரியும் முன்பே ஒரு முடிவை எழுதினேன். அதில் ரெய்யா... [அடித்துவிட்டேன்.] என் மேசையில் கிடந்ததை அவள் படித்துவிட்டாள்.

“அடிப்பாவி! என்னைச் சாகடிச்சுட்டியா?”

“கதைக்குக் கொஞ்சம் கனம் வேணுமில்ல?”

“கனம் வேணும்னா கல்லைத் தூக்கித் தலையில போட்டுக்க.”

இன்னொரு முடிவில் அவளை நாற்பது வயதாக்கி, ஏரிக்கரையோரம் ஓடவிட்டேன். அதை நானே நம்பவில்லை.

நடந்தது இதுதான். கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே பிரிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். ஐம்பத்தொன்பது என்று இருந்தது. அவளுக்கும் அப்போது ஐம்பத்தொன்பதுதான்.

“கூடவும் இல்ல, குறையவும் இல்ல. என் வயசுதான்டி!” என்று சொல்லிவிட்டு, வண்டியின் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. நானும் அழுதேன், எழுத்தாளர் அழக்கூடாது என்று யார் சொன்னது?

4

முடிவு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரே ஒரு வாக்கியம் வந்தது, அதுவும் பாதி:

‘ரெய்யாவுக்கு அறுபத்தொன்று முடிந்த அன்று காலையில், அவள்...’

அந்த நாள் இன்னும் வரவில்லை. மீதியை நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும் பார்த்து எழுதுங்கள், அவள் படிப்பாள்.