சீனிக் கரண்டி

அன்று அம்பாசமுத்திரத்தில் காஜா முகைதீன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அவர், மனைவி பாத்து, மகள் ஸமீஹா, பேட்டையிலிருந்து நிச்சயம் பேச வந்த மாப்பிள்ளையின் தாயார் மைதீன் பாத்திமா, அந்த அம்மாளின் அண்ணன் அம்மார். ஆறாவது ஆள் கிடையாது. பிற்பாடு ஆளுக்கொரு கதை கட்டியதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

பேச்சு முடிந்ததும் மாமியார் தன் விரலால் பெண்ணின் வாயில் சீனி போட வேண்டும். அதுதான் அந்த வீடுகளின் முறை. மைதீன் பாத்திமா கரண்டியில் அள்ளி, கையை எட்ட நீட்டிப் போட்டார்.

காஜா முகைதீனின் முதுகு நிமிர்ந்தது. "என்னம்மா, விரல்ல காயமா?"

"காயம் எதுக்கு? ஒங்க மவ ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் தட்டுதான்னுல்ல சொன்னிய! எக்ஸ்ரே மிசின்ல நிக்கான்னு ஊரே பேசுது. அந்தக் கதிரு ஒடம்புல ஊறிப்போவுமாமே. நாளைக்குப் புள்ள தங்குமா?"

அம்மார் சிரித்தார். "கரண்டு போனாலும் மருமவ மினுங்குவாவே!"

காஜா முகைதீனுக்கு முகம் சுண்டிவிட்டது. கம்ப்யூட்டர் என்று சொன்னது அவர்தான். அந்நிய ஆண்களைத் தொட்டு நிறுத்திப் படமெடுக்கும் வேலை குடும்பத்துக்கு அழகில்லை என்று நாலு வருஷமாகச் சொல்லிவந்த பொய்.

ஸமீஹா வாயைத் துடைத்துக்கொண்டாள். "மாமி, நீங்க வந்த ஆட்டோ சடன் பிரேக் போட்டா என்ன ஆவும்?"

"நெத்தி கம்பியில இடிக்கும்."

"நிக்கிற ஆட்டோவுல இடிக்குமா? மிசின் குழாய்க்குள்ள எலக்ட்ரான்னு மின்சாரத் துகள் பேய் வேகத்துல ஓடுது. டங்ஸ்டன் தகட்டுல போய் முட்டி வேகம் சட்டுனு கொறையும். அப்படிக் கொறையுறதுல பெரும்பாலும் சூடாயிரும், கொஞ்சம் கதிரா வெளிய வரும். சுவிச்ச விட்டா ஓட்டமில்ல, பிரேக்கும் இல்ல, கதிரும் இல்ல. ஒடம்புல ஊறிக் கெடக்க அது என்ன அத்தரா? கதிர் வார நேரம் நான் ஈயத் தடுப்புக்குப் பின்னால நிக்கேன். எம்மேல பட்டா, கதிர அளக்கதுக்குச் சட்டையில குத்துற வில்லை காட்டிக் குடுத்துரும்."

"இவ்வளவு வாயா?" என்று உறுமினார் அம்மார். "வேலைய விடச் சொல்லும்வே. புள்ள பெறுவான்னு டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட்டும் வாங்கிக் குடும்."

காஜா முகைதீன் எழுந்து சீனித் தட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். "உள்ள கொண்டு போ, பாத்து."

பிறகு மைதீன் பாத்திமாவிடம் திரும்பினார். "போன மாசம் ஒங்க முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தியளே, அந்தக் கதிரு காலுல ஊறிக் கெடக்கோ? பின்ன எப்படி எம் பாயில வந்து உக்காந்திய? தெரியாததப் பேசுனது ஒங்க தப்பு. தெரிஞ்சத மறைச்சது எந்தப்பு. நான் மறைச்ச எடத்துலதான் இந்த வதந்தி மொளைச்சுது. எம் மவ எக்ஸ்ரே எடுக்கா. உழைக்கிற புள்ளையோட வேலைய மறைக்கது மானமில்ல; நாலு பேர் முன்னால சொல்லதுதான் மானம். நீங்க கெளம்புங்க."

கதிருக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வேண்டாமென்று எழுந்து போனார்கள் என ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர்கள் சர்டிபிகேட் கேட்டு உட்கார்ந்துதான் இருந்தார்கள். வேண்டாமென்றவர் காஜா முகைதீன்.