ஆனி டீச்சர் சாட்சி சொன்ன எண்ணெய்

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஆனி டீச்சர் எழுந்து சாட்சி சொன்னபோது சாந்தோம் பெண்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் கணவன் லாய்டுக்கு நாள் முழுக்க கம்ப்யூட்டரையே பார்த்துக் கண் வறண்டு, மணல் விழுந்த மாதிரி உறுத்தல். டாக்டர் எழுதிய சொட்டு மருந்தின் அட்டையில், விளக்கெண்ணெய் சேர்ந்தது என்று போட்டிருந்தது. டீச்சருக்கு அது போதாதா? மாதா திருவிழாவில் மந்திரித்து வாங்கிய விளக்கெண்ணெய் வீட்டுப் பீடத்தில் சும்மாதானே இருக்கிறது! காலியான மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் ஊற்றி, லாய்ட் வெளியே போயிருந்தபோது அவன் மேஜையில் வைத்தாள். இரண்டே வாரத்தில் உறுத்தல் போயே போய்விட்டது.

டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கண் காய்கிறது என்று புலம்பிய மீன்காரி தேசம்மாவுக்கும் அன்றே ஒரு பாட்டில் கொடுத்தாள். தேசம்மாவுக்குப் பார்வை ஒரு கண்ணில்தான். மற்றது சின்ன வயதிலேயே போய்விட்டது.

அடுத்த வாரம் ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போதுதான் ஆனி கவனித்தாள். தெருவையே எழுப்புகிற வாசல் கேட், சத்தமே போடாமல் திறந்தது.

"எல்லாம் நீ வெச்ச எண்ணெய்தான்," என்றான் லாய்ட்.

"எந்த எண்ணெய்?"

"மருந்து பாட்டில்ல ஊத்தி என் டேபிள்ல வெச்சியே. கேட்டுக்குன்னு நெனச்சு நேத்து கீல்ல விட்டேன்."

"அப்போ உங்க கண்ணுக்கு?"

"புது மருந்து வாங்கிட்டேனே. ஏன்? அய்யோ ஆனி, அதையா கண்ணுல விடுவாங்க? மருந்துல இருக்கறது கிருமியே இல்லாம சுத்தம் பண்ணி, துளியூண்டு சேக்கறது. இது பீடத்துல தொறந்து கெடந்த எண்ணெய்!"

கோயிலில் மணி அடித்தது. ஆனியோ பட்டுச் சேலையோடு மீனவர் குப்பத்துப் பக்கம் ஓடினாள்.

தேசம்மா பார்வையுள்ள கண்ணில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆனி துணியை எடுத்துப் பார்த்தாள். இமை வீங்கி மூடியிருந்தது. ஓரமெல்லாம் சீழ்.

"யாரு, டீச்சரா? மூஞ்சி தெரில."

"எரிஞ்சதுமே நிறுத்தியிருக்கக் கூடாதா தேசம்மா?"

"மொத நாளே எரிஞ்சுது. நிறுத்தலாம்னுதான் இருந்தேன். ஆனா நீ எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னியே. எனக்குத்தான் விசுவாசம் கம்மியா கீதுன்னு, விடாம ஊத்திக்கினே இருந்தேன்."

ஆனி ஒரு ஆட்டோவை மறித்து தேசம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்கு விரட்டச் சொன்னாள்.

தேசம்மா தடவித் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டில் தீந்து போச்சு டீச்சர். இன்னொண்ணு எடுத்தாந்தியா?"