இடுப்பில் ஒரு வரப்பு

நீடாமங்கலத்தில் ஆயுர்வேதம் பார்க்கும் மதிவதனிக்கு அன்று காலையிலேயே பொறுமை போய்விட்டது. குப்புறப் படுத்திருந்த நாகநாதனின் இடுப்பில் உளுந்து மாவால் வட்டமாக வரப்பு கட்டி, உள்ளே சூடான தைலம் ஊற்றியிருந்தாள். அரை மணி நேரம் அசையாமல் கிடந்தால் போதும். ஆறு நாளில் ஒரு நாள்கூட அவர் அப்படிக் கிடக்கவில்லை.

இன்று கடைசி நாள். நாளை மறுநாள் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். இரண்டு மணி நேரம் மனைப்பலகையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். இப்போதோ பத்து நிமிடம் உட்கார்ந்தாலே தூக்கிவிட இரண்டு ஆள் தேவைப்பட்டது.

அவர் மார்புக்கடியில் போன் அடித்தது.

"போனை வெளியில வச்சிட்டு வாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒரே நிமிஷம் டாக்டரம்மா. நேத்துதான் நாத்தங்கால்ல விதை விட்டோம். தண்ணிய வடிக்கலேன்னா அழுகிடும்."

வயலில் நின்ற காத்தானிடம் கத்தினார். "அந்த மடை இல்லப்பா! கிழக்கால, இந்தா, இந்தப் பக்கம்!"

சொன்னதோடு நிற்காமல் கையையும் நீட்டிக் காட்டினார். வரப்பு உடைந்தது. தைலம் விலாவழியே ஓடியது.

"போன்ல கை தெரியுமாக்கும்!" மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தர்மாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே இவரு ஒரு இடத்துல உக்காரல டாக்டர். மனைக்குப் பதிலா நாற்காலியே போடச் சொல்லிடுறேன்."

"நாற்காலியா? ஊரே சிரிக்கும்!"

மதிவதனி துடைத்தாள். மறுபடி மாவு பிசைந்தாள். குரலை உயர்த்தக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"இருக்கற தைலம் இவ்வளவுதான். இன்னொரு தரம் சிந்தினா ஊத்த ஒண்ணுமில்ல. நாத்தங்காலா, மனைப்பலகையா? நீங்களே சொல்லுங்க."

நாகநாதன் போனை மறுபடி காதில் வைத்தார்.

"காத்தா, நீயே பாத்துக்க. எனக்குப் போன் போடாத" என்று சொல்லிவிட்டு, போனை மனைவியிடம் நீட்டினார்.

மதிவதனி நம்பவில்லை. பஞ்சைத் தைலத்தில் நனைத்து, புது வரப்புக்குள் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். பத்து நிமிடம். இருபது நிமிடம். வரப்பு உடையாமல் நின்றது.

"டாக்டரம்மா."

"என்ன?"

"மேற்கால இருட்டுதா? மழை பேஞ்சா விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிடும்."

"வெயில் அடிக்குது. படுங்க."

தர்மாம்பாள் எழுந்து, கருமேகம் தெரிந்த மேற்கு ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.